சந்தனம் அடைத்த ஒன்பது நாள்

திருநெல்வேலி டவுன்

அன்பு மகள் கோமதிக்கு, அப்பா எழுதுவது. இங்கே சுகத்துக்குக் குறைவில்லை, மணிமுத்தாறு பக்கம் மழை, குழாயில் கலங்கல் தண்ணீர், காய்ச்சிக் குடிக்கிறோம். போனில் பேசினால் உன் அம்மா பாதியில் பிடுங்கிக்கொள்கிறாள், அதனால்தான் காகிதம்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை அந்த அறிக்கையில் நீ கையெழுத்துப் போடக்கூடாது. தோண்டி எடுக்க முடியாத ஆழத்தில் கிடக்கும் நிலக்கரிக்குள் கரியமில வாயுவை ஏற்றி, அது அங்கேயே அடங்கிக் கிடக்குமா என்று பார்க்கத்தானே உங்களை ஜார்க்கண்டில் உட்காரவைத்திருக்கிறார்கள்? ஆயுதபூசையன்று நம் வீட்டு வழக்கப்படி எல்லாக் கருவிக்கும் சந்தனம் வைத்தாய், சரி. வாயு ஏற்றுகிற கிணற்றடியில் கசிவு பார்க்கிற கருவிக்கு மட்டும், அது காற்றை இழுக்கிற மூக்கு வலையிலேயே அப்பிவிட்டாய். காய்ந்து அடைத்துக்கொண்டது, ஒன்பது நாளும் மாறாமல் ஒரே எண். அதை வைத்துக் கசிவே இல்லை என்று எழுதினால் அது பரிசோதனை இல்லை, சந்தனக்காப்பு. இருபது வருஷம் மில்லில் கருவி பார்க்கிறவன் மகள் செய்கிற காரியமா இது? முட்டாள்தனம்தான். ஆனால் முட்டாள்தனம் வேறு, பொய் வேறு.

கழுவிவிட்டுப் பேசாமல் இரு, வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்றாராம் உன் மேலாளர். சிரிக்கட்டும். அடைத்தது நான், அந்த ஒன்பது நாள் செல்லாது, மறுபடி அளக்க வேண்டும் என்று உன் கைப்பட எழுதி, அவருக்கு மேலே இருப்பவருக்கும் ஒரு நகல் அனுப்பு. வேலையை விட்டுத் தூக்கினால் வீட்டுக்கு வா, எனக்கு இன்னும் நாற்பத்துநாலுதான், உனக்குச் சோறு போடத் தெம்பு இருக்கிறது. சுந்தர் மாமா வந்து, "பிள்ளைக்குப் பிழைக்கத் தெரியாமப் பண்ணுதிய அத்தான்" என்றான். ஆமாம், அப்படியே வைத்துக்கொள் என்றேன். உன் அம்மாவும் நேற்றுவரை தம்பி கட்சிதான். கிணற்றுக்குக் கீழே பள்ளத்தில் பதினொரு வீடு இருப்பதாகச் சொன்னாயே, இந்த வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் அங்கேதான் போய்த் தேங்கி மூச்சை அடைக்கும் என்று அவளிடம் சொன்னேன். உனக்கு அனுப்ப முறுக்கை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு, "அந்த வீடுகள்ல பிள்ளைய இருக்கா" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "அப்ப அளந்து பாக்கச் சொல்லுங்க" என்றாள்.

காந்திமதி அம்மன் உன் பக்கம் நிற்பாள். வேளைக்குச் சாப்பிடு. அடுத்த பூசைக்குச் சந்தனத்தைக் கருவியின் முதுகில் வை. இந்தக் கடிதத்தில் நான் கையெழுத்துப் போடுகிறேன், அந்தக் காகிதத்தில் நீ போடாதே.

உன் அப்பா,
சங்கரசுப்பிரமணியன்