துவைக்காத சட்டை

இன்று காலை ஊரிலிருந்து வந்த பேரன் கழற்றிப் போட்ட சட்டையைத் துவைக்க எடுத்தேன். இரும்பும் புழுதியும் வியர்வையும் கலந்த ரயில் வாடை. வாளியில் முக்கக் கை வரவில்லை. உன்னை நினைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். அழுக்குத் துணியைக் கண்டால் முகம் சுளிப்பவள் நான் என்பது உன்னைவிட யாருக்குத் தெரியும்?

நாம் படித்த கான்வென்டில் காலரில் அழுக்கிருந்தால் வகுப்புக்கு வெளியே நிறுத்துவார்கள். நான் ஒரு நாளும் நின்றதில்லை. நீ அடிக்கடி நின்றாய். பிறகு நான் ரயில்வே அதிகாரியின் மனைவியாக விழுப்புரம் வந்தேன். நீ கல்யாணம் வேண்டாமென்று திண்டிவனத்தில் வாடகை வீடு பிடித்து, விழுப்புரம் ஜங்ஷனில் தனியாகத் திரியும் பிள்ளைகளைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டாய். எண்பதுகளின் தொடக்கம் அது. சனிக்கிழமைகளில் நான் பஸ் ஏறி வந்து அவர்களைக் குளிப்பாட்டி, நகம் வெட்டிவிடுவேன்.

நமக்குள் சண்டை என்றால் துணிகளைப் பற்றித்தான். பிள்ளை எந்தத் துணியோடு வந்ததோ அதைத் துவைக்காமல், தெருவைப் பார்த்த கம்பியில் தொங்கவிடுவாய். போலீசில் சொல்லி வைத்திருந்தாலும், உள்ளே வந்து கேட்கப் பயப்படும் தாய் தகப்பன் தெருவில் நின்றே அடையாளம் கண்டுகொள்ளட்டும் என்பாய். "தொவச்சுட்டா எல்லாச் சட்டையும் ஒரே சட்டதான்டி." எதிரே சைக்கிள் கடை வைத்திருந்தவர் ஒருநாள், "இன்னாக்கா, பழந்துணிக் கடை போட்டுக்கினியா?" என்று கேட்டார். "ஆமாண்ணே, உங்க சைஸ் வந்தா எடுத்து வெக்கிறேன்" என்றாய். எனக்குத்தான் மானம் போயிற்று. ஆனால் அந்தக் கம்பியைப் பார்த்துச் சில பிள்ளைகளை வீட்டார் வந்து கூட்டிப்போனார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு மார்கழியில் அந்தச் சிறுமியை அழைத்து வந்தாய். ஐந்து வயதிருக்கும். உடம்பில் முழங்கால்வரை தொங்கிய ஒரு சட்டை மட்டும். அவள் வாயே திறக்கவில்லை.

பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை, விக்கிரவாண்டிப் பக்கம் மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிக்குக் களையெடுக்கும் கூலிப் பெண் ஒருத்தி கம்பியின் முன் வந்து நின்றாள். ஜங்ஷனில் டீ விற்பவர் உன் வீட்டை அடையாளம் சொன்னாராம். அந்தச் சட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். "எம்புள்ளதுதாம்மா. இந்தப் பொத்தான் நான் தச்சது. எம்புள்ள வாசன அப்பிடியே இருக்குது."

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். பார்த்தாயா என்று கேட்காமல் கேட்டாய். நான் உள்ளே போய்ச் சிறுமிக்குத் தலை வாரி, பவுடர் பூசி அழைத்து வந்தேன்.

அந்தப் பெண் அவளைப் பார்த்தாள். பிறகு அவளைத் தாண்டி வாசலைப் பார்த்தாள். "இது பொட்டப்புள்ள. என் பையன் எங்கம்மா?"

பிளாட்பாரத்துப் பிள்ளைகள் ஒருவர் துணியை ஒருவர் போட்டுக்கொள்வார்கள் என்று உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பாவாடை விளிம்பில் பெயரெழுத்துத் தைத்து, அவரவர் துணி அவரவருக்கு என்று கான்வென்ட் விடுதியில் வளர்ந்தவர்கள் நாம்.

அப்போதுதான் சிறுமி முதன்முதலாகப் பேசினாள். "குளுருதுன்னேன். அண்ணன் கழட்டிக் குடுத்துச்சு. வண்டி ஏறிப் பூடுச்சு."

எந்த வண்டி, எந்தப் பக்கம் என்று நீ அவள் முன் மண்டியிட்டு எத்தனையோ விதமாகக் கேட்டாய். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்தத் தாய் அழவில்லை. "அப்ப சட்ட இல்லாமலா போனான்?" என்றாள். பதில் நமக்குத் தெரியும் என்பதுபோல் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறப் போனாள்.

அதன்பின் புதிதாக வரும் பிள்ளையிடம் நீ எடுத்ததும் பெயர் கேட்டதில்லை. "இது யாரு சட்ட, கண்ணு?" என்றுதான் முதலில் கேட்பாய். அந்தச் சிறுமி உன்னிடமே வளர்ந்தாள்; கடைசியில் உன் வாயில் கஞ்சி ஊற்றியவளும் அவள்தான். அந்தத் தாய் மறுபடி வரவில்லை. பையன் கிடைத்திருப்பான், அதனால்தான் வரவில்லை என்பாய். நானும் தலையாட்டுவேன். அதைச் சொல்லும்போது நீ என் முகத்தைப் பார்த்ததே இல்லை.

இருந்தால் அவனுக்கு இப்போது ஐம்பது கடந்திருக்கும். எனக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. என் வீட்டுக்காரர் போன பிறகு தனியாகத்தான் பயணம் செய்கிறேன். எந்த ஊர் ஸ்டேஷனிலும் என் கண் ஒரு பையனின் வெறும் முதுகைத் தேடுகிறது. தென்பட்டால், தடியை ஊன்றிக் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு அவன் முன்னால் போய் நிற்கிறேன். நின்ற பிறகுதான், அவன் முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாதே என்பது நினைவுக்கு வருகிறது.