பலகைக்கு அடியில் இருந்த எழுத்து

ஆண்டர்சன்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் லூயிசாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நாங்கள் இருவரும் சுகம், கோயில் படி ஏறும்போது மட்டும் அம்மாவின் முழங்கால் முரண்டு பிடிக்கிறது. அந்தக் குளிரில் நீ சரியாகச் சாப்பிடுகிறாயா, இருமல் விட்டதா என்று தினமும் என்னைக் கேட்கிறாள், எனக்கு எப்படித் தெரியும். போனில் சொல்லாமல் கடிதம் எழுதுகிறேனே என்று பயப்படாதே. இதை நீ நிதானமாக, தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும், அதனால்தான்.

உன் பெட்டி போன மாதமே வந்துவிட்டது. டிசம்பர் லீவில் கேஸ் லைட்டர் உருண்டுவிட்டது என்று சமையலறைத் தரையில் படுத்தாயே, அப்போது பாத்திரம் அடுக்கும் பலகைக்கு அடியில் கீறல்களைப் பார்த்து களிமண் வைத்து அச்சு எடுத்துப் போனாய். அதிலிருந்து இப்படி பேட்டரி வைத்த ஐந்து துண்டுகள் வரும் என்று நான் நினைக்கவில்லை. கண்ணை விட்டுவிட்டு கையாலும் மூக்காலும் காதாலும் அறிகிற எழுத்து மாதிரி ஒன்று செய்கிறேன் என்று நீ காலேஜ் வேலையைப் பற்றிச் சொன்னபோது எனக்குப் புரியவில்லை, துண்டைக் கையில் எடுத்ததும் புரிந்தது. ஈர மரத்தின் வாடை, பள்ளத்தில் விரலை ஓட்டினால் உள்ளேயிருந்து ஆணியால் மரத்தைக் கீறுகிற சத்தம். அம்மா ஒரு துண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இதைச் சமையலறையில் வைக்காதீங்க என்றாள். பீரோவில் வைத்துப் பூட்டினேன். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு இங்கே அவ்வப்போது வருகிற நில அதிர்வு வந்தது, பழைய தங்கச் சுரங்கம் அடியில் எங்கேயோ சரிந்திருக்கும், பாத்திரங்கள் கிணுகிணுத்து அடங்கின. அவை அடங்கிய பிறகும் பூட்டிய பீரோவுக்குள் ஐந்து துண்டுகளும் கீறிக்கொண்டே இருந்தன. கதவைத் திறந்தேன், நின்றுவிட்டது. பேட்டரி கோளாறு என்று அம்மாவிடம் சொன்னேன், அவள் நம்பவில்லை, நானும்தான்.

நீ சொன்னபடி பக்கத்து வீட்டு லதாவிடம் கொடுத்தேன். ஒன்பது வயதில் கண் போனவள், எழுத்தின் வடிவம் தெரியும், நம்மைவிட ஒழுங்காகச் சொல்வாள் என்றுதானே அவளைக் கேட்டாய். பேங்கில் போன் எடுக்கிற வேலை முடிந்து வந்து, ஐந்தையும் வரிசையாக வைத்துத் தடவினாள். பிறகு சொன்னாள், "அண்ணா, இது கோலம், டிசைன் எதுவும் இல்ல. கண்ணு போனப்புறம் நானும் இப்படித்தான் எழுதினேன். ஒரு எழுத்து மேல இன்னொண்ணு ஏறிக்கும். இது இருட்டுல எழுதினது." இ, ரு, க் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, "இருக்கே, அவ்ளோதான் இருக்குது" என்றாள். உனக்கும் எனக்கும் வெறும் கீறலாகத் தெரிந்தது அவள் விரலுக்கு எழுத்தாகிவிட்டது. பலகையையே தொட வேண்டும் என்று கேட்டு, நீ படுத்த அதே இடத்தில் படுத்தாள். மரத்தின் வெடிப்பு என்று நீ விட்டுவிட்ட ஒரு கோட்டில் அவள் விரல் நின்றது. "இது வெடிப்பு இல்ல, துணைக்கால். 'இருக்கே' இல்ல அண்ணா, 'இருக்கோ'. இருக்கோம்னு எழுத வந்து, கடைசி எழுத்து எழுதல."

அந்தப் பலகை எங்கிருந்து வந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. உன் தாத்தா சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் முட்டு மரம் நிறுத்துகிறவர் என்பது உனக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் பாறை வெடித்து ஒரு பக்கம் மூடிக்கொண்டது, உள்ளே சம்பங்கி என்பவரும் அவருக்கு உதவியாளாக இருந்த நோயலும். மூன்றாம் நாள் அங்கே போய்ச் சேர்ந்து உடல்களை எடுத்த கூட்டத்தில் தாத்தா இருந்தார். அங்கிருந்த மரத்தில் ஒரு துண்டைத்தான் கொண்டுவந்து சமையலறையில் பலகையாக அடித்தார், எழுத்து கீழே போகும்படி அடித்தது ஏன் என்று இப்போதுதான் தெரிகிறது. சம்பங்கியின் மனைவி சரோஜம்மாவிடம் போய், "ஒரு நொடிதாம்மா, ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்றார். அந்த வார்த்தைக்காகத்தான் சரோஜம்மா வருஷா வருஷம் பொங்கலன்று நம் வீட்டுக்கு முதல் கிண்ணம் அனுப்புகிறார். நோயலுக்கு இப்போது இங்கே யாரும் இல்லை.

பத்து நாள் நான் வாயைத் திறக்கவில்லை. ரயிலில் பெங்களூர் போய் வரும் நேரமெல்லாம் இதே நினைப்பு. தாத்தா மறைத்ததை வெளியே சொல்ல நான் யார் என்று ஒரு பக்கம், நீ இதை முன்பின் தெரியாத ஊரில் எல்லாரும் தொட்டுப் பார்க்க வைக்கப்போகிறாய், அந்தம்மாவுக்குத் தெரியாமல் அது எப்படி நியாயம் என்று இன்னொரு பக்கம். கடைசியில் போன ஞாயிற்றுக்கிழமை அம்மா போய் சரோஜம்மாவைக் கூட்டிவந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவில்லை. "அவருக்குக் கையெழுத்தே போட வராதுப்பா, அந்தப் புள்ளதான் எழுதியிருக்கும்" என்றார். பிறகு, "இன்னா எழுதியிருக்குதுன்ன, இன்னொரு தபா சொல்லு" என்று கேட்டார். இருக்கோம் என்றேன். அதைத் தனக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். "அவருக்கு இருட்டுன்னா பயம். வெளியில சொன்னா சிரிப்பாங்கன்னு என்கிட்ட மட்டும்தான் சொல்லுவாரு. உங்கப்பா ஒரு நொடின்னு சொன்னப்ப நான் நம்பல, அந்த மனுசன் மொகத்தப் பாத்து நம்பின மாதிரி இருந்துட்டேன். தனியா கெடந்தாரோன்னுதான் இத்தன வருஷம். தனியா இல்ல போல" என்றார்.

பலகைக்கு அடியில் கையை நீட்டித் தொட்டுக்கொண்டு வெகுநேரம் தரையில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் முன்னறைக்கு வந்துவிட்டோம். பேசுகிற மாதிரி சத்தம் கேட்டது, நடுநடுவே பதிலுக்கு விட்ட மாதிரி இடைவெளியும் இருந்தது. வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு, காலேஜில் வைப்பதற்குத் தடையில்லை, இரண்டு பேர் பெயரையும் போடச் சொல்லு என்றார். வாசல்வரை போனவர் திரும்பி அம்மாவைப் பார்த்து, "ஜூடித்து, அது மேல பாரம் வெக்காதம்மா" என்றார்.

அன்றைக்கே அம்மாவும் நானும் எல்லாப் பாத்திரத்தையும் இறக்கித் தரையில் அடுக்கிவிட்டோம்.

துண்டுகளை ராபர்ட்சன்பேட்டையிலிருந்து கூரியரில் அனுப்பிவிட்டேன். துணைக்காலை நீ செய்து சேர்த்துக்கொள், லதா அதைக் காகிதத்தில் அழுத்தி எடுத்துக் கொடுத்திருக்கிறாள். கடைசி எழுத்தை மட்டும் உன் கையால் போடாதே மகளே. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, தலைக்குக் குல்லாய் போடு.

உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா மாணிக்கராஜ்