பெடலில் பூட்டிய கால்கள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நாங்கள் இருவரும் சுகம்தான், என் முழங்கையில் தோல் உரிந்திருப்பதையும் உன் அம்மாவின் மணிக்கட்டில் போன வாரம் வரை இருந்த கட்டையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாவிட்டால். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், குழந்தைக்குச் சளி விட்டதா, நீ இன்னமும் நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்கு ஓடுகிறாயா. கேட்டால் நல்லா இருக்கேன்பா என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறாய், எனக்கு அதில் திருப்தியே வருவதில்லை. ஃபோன் இருக்கும்போது இவர் ஏன் காகிதத்தை எடுத்தார் என்று யோசிப்பாய். ஃபோன் என் முன்னால்தான் இருக்கிறது, அதைத் தொடப் பயமாக இருக்கிறது. உன் அம்மா காலையிலேயே ஓவிய டீச்சரோடு சைக்கிளில் கிளம்பிப் போனாள், மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்றாள், சாப்பாடு ஆறிப்போய்விட்டது. நான் உன்னோடு பேசிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து அவள் கூப்பிட்டால் என்ன செய்வது. சும்மா உட்காரவும் முடியவில்லை. இதுவரை எழுதுவதற்குள்ளேயே பால்கனிக்குப் பல தடவை போய் வந்துவிட்டேன். கீழே ஒரு சைக்கிள் மணி கேட்டது, பால்காரர்.

அவள் சைக்கிளில் போகிறாள் என்பது உனக்குத் தெரியும், எப்படிப் போகிறாள் என்பதில் பாதியை மறைத்துவிட்டோம். இந்த வயசில் இதெல்லாம் தேவையா என்று நீ கேட்டபோதே மீதியைச் சொல்லாமல் விழுங்கியதுதான். ஓவிய டீச்சர் நமக்குக் கீழ்த்தளத்தில் இருப்பவர், விரலெல்லாம் எந்நேரமும் நீலமும் மஞ்சளுமாக இருக்குமே, அவர்தான். பார்வை இல்லாதவர்களை இரட்டைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே போய்வருகிற குழு ஒன்றில் அவர் இருக்கிறார். முன்னால் இருப்பவர் ஹேண்டில்பாரையும் பிரேக்கையும் பார்த்துக்கொள்வார், பின்னால் இருப்பவர் மிதிப்பார். உன் அம்மா குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்து வேலையை விட்டதிலிருந்து வாசற்படி தாண்டியதில்லை. சோதனைக் குழாயில் நிறம் மாறிவிட்டதா என்று பக்கத்து மேசைக்காரரைக் கேட்க வேண்டி வந்த அன்றைக்கே எழுந்து வந்துவிட்டவள் அவள். அப்புறம் சோபாவின் ஒரு மூலை, ரேடியோ, நடுநடுவே என்னைக் குறை சொல்வது, இவ்வளவுதான். டீச்சர் வந்து கூப்பிட்டபோது என்னைப் பொட்டலம் மாதிரி பின்னாடி கட்டி எடுத்துக்கிட்டுப் போறதுக்கா என்று கேட்டாள். டீச்சர் சிரித்துக்கொண்டே, பொட்டலம் மிதிக்காதுக்கா, நீங்க மிதிக்கலேன்னா மேட்டுல எனக்கு நாக்கு வெளியே வந்துடும் என்றார். அந்தப் பதில் இவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள், முதலில் முன்சீட்டில் நான்தான் உட்கார வேண்டுமாம். புதுசா ஒருத்தரை எப்படித் திட்டறது, உங்களைன்னா பழக்கம் என்றாள்.

முதல் நாளே இவள் கால் பெடலிலிருந்து வழுக்கிவிட்டது. இரண்டு பேருடைய பெடலும் ஒன்றோடொன்று பிணைந்தவை, நான் மிதிக்க மிதிக்க இவள் பெடல் தானாகச் சுற்றி வந்து முழங்காலுக்குக் கீழே எலும்பிலேயே ஒரு போடு போட்டது. ரத்தம். கால் எங்கே போயிற்று, பெடல் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்க்க அவளால் முடியாதே. அதற்குத்தான் டீச்சர் எங்கள் இருவருக்கும் ஒருவகைக் காலணிகளைக் கொண்டுவந்தார். கிளிப்லெஸ் பெடல் என்று பெயர், அதாவது கிளிப் இல்லாததாம், ஆனால் அதில் கிளிப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. காலணியின் அடியில் ஒரு சின்ன உலோகத் துண்டு இருக்கிறது, அதைப் பெடல்மேல் வைத்து அழுத்தினால் டக்கென்று பூட்டிக்கொள்கிறது. அப்புறம் காலை மேலே தூக்கினாலும் வராது, பின்னால் இழுத்தாலும் வராது, குதிகாலை வெளிப்பக்கமாகத் திருப்பினால்தான் விடும். உனக்குத் தெரியாததா, வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும்வரை லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்ததுதான் என் பிழைப்பு. லிஃப்டில் ஒரு கேபிள் போனால் தாங்கிப்பிடிக்க இன்னொன்று இருக்கும். இரண்டு சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு நானாகவே காலைப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்றால் மனசு ஒப்புமா.

உன் அம்மாவோ சமையலறை மேசையைப் பிடித்துக்கொண்டு, பின்சக்கரத்தைத் தாங்கியில் ஏற்றி நிறுத்திய சைக்கிளில் உட்கார்ந்து, ஒரே சாயங்காலத்தில் கற்றுக்கொண்டுவிட்டாள். கட்டைவிரலுக்குக் கீழே அந்த இடத்தைத் தடவிக் கண்டுபிடிப்பாள், டக், திருப்புவாள், டக். திரும்பத் திரும்ப அதையே செய்துகொண்டிருந்தாள், பக்கத்து வீட்டிலிருந்து யாரோ ஆணி அடிக்கிறீங்களா என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். நான்தான் தகராறு. ஓடும்போது எனக்கு ஒரு குறையும் இல்லை, நிற்கும்போது காலைத் திருப்ப வேண்டும் என்பது மறந்துபோய் நேராகத் தூக்குவேன். மூடிக் கிடக்கிற மேசை நாற்காலித் தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு காலி மைதானம் உண்டே, அங்கேதான் பழகினோம். நன்றாகப் போய்க்கொண்டிருந்து, நிறுத்தி, நின்ற இடத்திலேயே அலமாரி சாய்வதுபோல மெதுவாகச் சாய்ந்தோம். விழப்போகிறோம் என்று தெரிகிறது, ஒன்றும் செய்ய முடியவில்லை, அதுதான் அதில் கொடுமை. ஒரு சத்தமும் இல்லை. எனக்கு உயிரே போய்விட்டது. அப்புறம் அடியிலிருந்து, உங்க முழங்கை என் வயித்துல இருக்கு, கொஞ்சம் எடுக்கறீங்களா என்று குரல் வந்தது.

அத்தோடு நான் என் பெடலை மாற்றச் சொல்லிவிட்டேன். சைக்கிள் கடைக்காரர், சார் ரெண்டு நாள் பழகினா வந்துடும் என்று எவ்வளவோ சொன்னார், நான் கேட்கவில்லை. எனக்குச் சாதாரணப் பெடல், அவளுக்குப் பூட்டுப் பெடல். சில வாரம் ஒழுங்காகவே போயிற்று. நிறுத்துவதற்கு முன்னால் கழட்டு என்று நான் சொல்ல வேண்டும், அவள் இடது காலைத் திருப்பி விடுவித்துக்கொள்வாள், இதுதான் எங்களுக்குள் ஏற்பாடு. ஒருநாள் மருந்துக்கடை முனையில் திடீரென்று ஒரு வேன் குறுக்கே வந்தது. பிரேக்கைப் பிடித்தேன், என் கால் சுதந்திரமாக இருந்ததால் சட்டென்று வலது காலை ஊன்றினேன், வாயைத் திறக்கவே இல்லை. அவளுக்கு என்ன தெரியும், இரண்டு காலும் பூட்டியபடி இருந்தவள் வலது பக்கமாக ரோட்டில் விழுந்தாள். மணிக்கட்டு வீங்கிவிட்டது, கூடவே சரிந்த எனக்கு முழங்கைத் தோல் உரிந்தது. எலும்பு முறியவில்லை என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது அவள் கோபப்படாமல்தான் சொன்னாள், உங்களுக்குத் தெரிஞ்சது எனக்கும் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சுக்கறீங்க, வீட்டுலயும் நாற்காலிய நகர்த்திட்டு அப்படித்தான் விட்டுடறீங்க என்று.

கட்டைப் பிரித்த மறுநாள் டீச்சரிடம் போய், இனிமே உங்ககூட வர்றேன் என்று சொல்லிவிட்டாள். என்னிடம் கேட்கவில்லை. டீச்சருக்கு வேண்டும் என்று என் சாதாரணப் பெடலைக் கழற்றி மறுபடியும் பூட்டுப் பெடலையே முன்னாலும் போடச் சொன்னார்கள், அதைப் போட்டுக் கொடுத்ததே நான்தான். இன்றைக்கு நீர்த்தேக்கம் வரை போகிறார்கள். வேலை பார்த்த காலமெல்லாம் அந்தத் தண்ணீரைப் பாட்டில் பாட்டிலாகச் சோதித்தவள், இடத்தை ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. பார்வை இருந்தபோது போகாமல் இப்போது எதற்கு என்று கேட்டுவிட்டேன். தண்ணி சத்தம் போடும்ல என்றாள். காலையில் நானும் கீழே இறங்கி வழியனுப்பினேன். டீச்சர் ரெடியா என்றார், இவள் ரெடி என்றாள், டக் டக் என்று நாலு சத்தம், போய்விட்டார்கள். அழகாகத்தான் போனார்கள். அது வேறு எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

மேகம் கட்டுகிறது. அவள் ஃபோன் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்கவில்லை, டீச்சருடையது அணைந்து கிடக்கிறது. கீழே கேட் வரை போய்விட்டு வந்தேன். மூன்றாவது மாடிக்காரர் என்னைப் பார்த்ததும் லிஃப்ட் மறுபடியும் சத்தம் போடுது, கொஞ்சம் பாருங்களேன் என்றார், அவரிடம் எரிந்து விழுந்துவிட்டேன், பாவம் அவர் என்ன செய்வார். ஃபோன் அடிக்கிறது, இரு.

விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன், இப்போது சாயங்காலம், பயப்படாதே. உன் அம்மாதான் கூப்பிட்டாள். நீர்த்தேக்கத்துக் கரையில் கடைசி மேடு ஏறி முடித்ததும் டீச்சரின் கெண்டைக்கால் சதை இழுத்துக்கொண்டுவிட்டதாம், நிற்கவே முடியவில்லையாம். குழுவிலிருந்த மற்றவர்களெல்லாம் ஜோடி ஜோடியாக வந்தவர்கள், தங்கள் சைக்கிளை விட்டுவிட்டு இதை ஓட்டிவர ஆளில்லை. இத்தனையும் சொல்லிவிட்டு, முன்சீட்டு காலியா இருக்கு, வர்றீங்களா என்றாள். என்னுடைய பூட்டுக் காலணிகளை எடுத்துக்கொண்டு டாக்சியில் போனேன். வழியெல்லாம் சீட்டில் உட்கார்ந்தபடியே குதிகாலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன், டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினார். அவள் கரைச்சுவர்மேல் உட்கார்ந்து மதகுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். ஃபோனை ஏன் எடுக்கவில்லை என்றேன், இந்தச் சத்தத்துல எங்க கேட்டுது என்றாள். டீச்சரைக் கைத்தாங்கலாக அந்த டாக்சியிலேயே ஏற்றி அனுப்பினோம்.

வரும்போது வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தேனம்மா. பள்ளம் வருது, இடது பக்கம் வளைவு, நாய் படுத்திருக்கு, எழுந்திருக்காது போல, இறக்கம், பிரேக் பிடிக்கிறேன். அவள் ம், ம் என்று மட்டும் சொன்னாள், மிதி மட்டும் பின்னாலிருந்து சீராக வந்துகொண்டே இருந்தது, மேட்டில் என்னைத் தள்ளிக்கொண்டு போனதே அவள்தான். பாதி வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கழட்டு என்று தூரத்திலேயே சொன்னேன். பின்னால் டக் என்று கேட்டது. என் பெடலிலிருந்து அந்தச் சத்தம் வரவில்லை. திருப்புகிறேன், திருப்புகிறேன், வரவில்லை, உள்ளே ஒரு சின்னக் கல் மாட்டியிருந்தது அப்புறம்தான் தெரிந்தது. வண்டி நின்றேவிட்டது. பக்கத்தில் ஒரு லாரி உறுமிக்கொண்டு நிற்கிறது, நான் அதன் பக்கமாகச் சாயத் தொடங்கிவிட்டேன். என் கால் வரலைன்னு சொன்னேன், சொன்னேனா கத்தினேனா தெரியாது. சாய்வு பாதியில் நின்றது. உன் அம்மா சீட்டிலிருந்து இறங்கி, இடது காலை அகல ஊன்றி, வண்டியையும் என்னையும் தன் பக்கம் இழுத்து நிறுத்திக்கொண்டிருந்தாள். அவள் என்னைவிட உயரம் என்பது இன்றைக்கு உதவியது. நான் பிடிச்சிருக்கேன், பதறாம மெதுவா கழட்டுங்க என்றாள். ரயில் முழுசாகப் போகும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள், நான் குனிந்து வாரை அவிழ்த்து, காலணியைப் பெடலிலேயே விட்டுவிட்டு, வெறுங்காலைத் தரையில் வைத்தேன். லாரிக்காரர் மேலிருந்து, பெரியம்மா வலுவான ஆளுதான் என்றார். அவள், அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பி, கனம் ஒண்ணும் அதிகமில்லே தம்பி என்றாள்.

வீடு வந்து சேரும்போது தூறல் விழுந்துவிட்டது. வந்ததும் ஆறிப்போன சாப்பாட்டை அப்படியே தட்டில் போட்டு இருவரும் சாப்பிட்டோம், இப்போது அவள் கீழே டீச்சருக்கு ஒத்தடம் கொடுக்கப் போயிருக்கிறாள், படியைத் தடவிக்கொண்டு தனியாகவேதான் இறங்கினாள், நான் வரவா என்றதற்கு வேண்டாம் என்றாள். அடுத்த ஞாயிறு யாரோடு போகப்போகிறாய் என்று சாப்பிடும்போது கேட்டேன். டீச்சர் நல்லா ஓட்டறாங்க, நீங்க நல்லா சொல்றீங்க, அவங்க கால் சரியாகிற வரைக்கும் நீங்க வாங்க என்றாள். டீச்சர் தங்கமான மனுஷி, அவருக்கு ஒரு குறையும் வரக்கூடாது. ஆனாலும் அந்தக் கால் கொஞ்சம் நிதானமாகவே குணமாகட்டும் என்று உட்கார்ந்த இடத்தில் என் மனசு நினைத்துக்கொண்டிருக்கிறது, இதை உன்னோடு வைத்துக்கொள்.

ஒன்று மட்டும் மறக்காமல் செய். உன் அம்மாவின் கண் டாக்டர், அவள் பிள்ளைகளும் கண் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னார், உன்னிடம் சொல்லியும் ஆயிற்று, அடுத்த மாதம் அடுத்த மாதம் என்று நீ தள்ளிக்கொண்டே போகிறாய். அம்மாவுக்கு வந்தபோதும் வலி கிடையாது, தொந்தரவு கிடையாது, பார்வை ஓரத்திலிருந்து சத்தமில்லாமல் சுருங்கிக்கொண்டு வந்தது. இந்தக் காகிதத்தைக் கீழே வைத்ததும் டாக்டருக்கு ஃபோன் செய், என்ன சொன்னார் என்று எனக்குச் சொல், நல்லா இருக்கேன்பா என்று சொல்லாதே. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல், நிறைந்த ஆயுசோடு, நினைத்ததெல்லாம் நடந்து இருக்க வேண்டும். உட்கார்ந்து சாப்பிடு.

உன்னையே நினைத்திருக்கும்
அப்பா