ஒரு டிரம் மாங்காய், எட்டுப் படி உப்பு

மே 11, ஞாயிறு

ஒன்பது மணிக்கே தரை சுட்டது. இன்று நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்: "அம்மா உப்புப் போட்டாச்சு அத்தை."

வரிசையாக எழுதினால்தான் எனக்கே புரியும். எங்கள் வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் நடுவில் நிற்கும் மாமரம் இந்த வருடம் கண்மண் தெரியாமல் காய்த்திருக்கிறது. இலையைவிடக் காய் அதிகம். கடத்தூர் சந்தைக்குக் கொண்டு போனாலும் கேட்பாரில்லை, எல்லா வீட்டிலும் மாங்காய். வத்தல் போட்டுவிடலாம் என்றார் அப்பா. இரண்டு வீடும் சேர்ந்தே போடலாம் என்றும் சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு. மனைவிக்கும் அக்காவுக்கும் பொதுவாக எதைச் சொன்னாலும் தரையைப் பார்த்துத்தான் சொல்வார்.

அம்மாவும் அத்தையும் பேசி இரண்டு வருடம். தன் வீட்டுத் தகரக் கூரை மேல் சாய்ந்த கிளையை அத்தை கேட்காமல் வெட்டிவிட்டாள். காரணம் அவ்வளவுதான். அதன் பிறகு இன்றுதான் எங்கள் வீட்டுப் பின்பக்கம் வந்தாள், கையில் அரிவாள்மணையோடு. எனக்குக் கல்யாண வீடு போல இருந்தது.

எதிரெதிரே உட்கார்ந்து வெட்டினார்கள். பேச்சு மட்டும் என் வழியாக.

"ஏங்கண்ணு, கொட்டையோட வெட்டறதா, எடுத்துட்டா? உங்கம்மாவக் கேளு."

மூன்றடி தள்ளி அம்மா: "கொட்டையோடன்னு சொல்லு."

"கொட்டையோடவாம் அத்தை."

"காது கேட்டுச்சு. துண்டு பெருசா போவுதுன்னு சொல்லு."

"என் கை அப்படித்தான்னு சொல்லு."

காலையிலிருந்து இப்படி நாற்பது செய்தியாவது கொண்டு போயிருப்பேன்.

மூன்று கூடைக் காயும் நீல டிரம்முக்குள் போனது. பன்னிரண்டு மணிக்கு அத்தை சோறாக்கத் தன் வீட்டுக்குப் போனாள். அம்மா நாலு படி கல்லுப்புப் போட்டு, நன்றாகக் குலுக்கி, வாயில் துணி கட்டிவிட்டுக் குளிக்கப் போனாள். அரை மணியில் அத்தை திரும்பி வந்தாள், தன் வீட்டு உப்போடு. துணியை அவிழ்த்தாள். நாலு படி. குலுக்கினாள். கட்டினாள். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

நான் கதவோரம் புத்தகத்தோடு. ஏன் வாய் திறக்கவில்லை? (1) சொன்னால், 'உன் உப்பு வேண்டாம்' என்று அத்தையின் காதில் விழும். (2) அவள் பாடிக்கொண்டிருந்தாள். (3) புத்தகத்தில் நல்ல இடம். மூன்றாவதுதான் உண்மை என்று பயமாக இருக்கிறது.

ருசி பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்க மாட்டார்கள். மூன்றாம் நாள் வரை வத்தல் காயில் வாய் வைக்கக் கூடாது என்பது இரண்டு வீட்டுச் சட்டம்.

மே 12, திங்கள்

புழுக்கம். ஒரு எறும்பு கூட வெளியே இல்லை.

சட்டத்தை மீறினேன். விரலை விட்டு நக்கினேன். நாக்கு சுருண்டுவிட்டது. மூன்று சொம்புத் தண்ணீர்.

நாளை துணியை அவிழ்ப்பார்கள். 'அவ போட்டுட்டா' என்று இவள், 'இவ போட்டுட்டா' என்று அவள். அதோடு இன்னும் இரண்டு வருடம் போகும், ஒருவேளை ஆயுசுக்கும். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவள் நான்.

மாலை 5 மணி. காற்று. மரம் அப்படியே குனிந்து நிமிர்ந்தது. காய்கள் தொப்தொப்பென்று. அப்பா தலையில் அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டு பொறுக்க ஓடினார், ஒரு காய் அண்டாவில் விழுந்து கோயில் மணி போல ஒலித்தது. அந்தப் பக்கம் அத்தை, இந்தப் பக்கம் அம்மா, நடுவில் நான், எல்லாரும் முந்தானையில் அள்ளி அள்ளி. அம்மா சிரித்தாள். அத்தையும். தனித்தனியாகத்தான்.

பொறுக்கியது இரண்டு கூடை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உறைத்தது: போட்ட உப்பை எடுக்க முடியாது. மாங்காயைக் கூட்டலாமே! எட்டுப் படிக்கு ஆறு கூடை. இன்னும் ஒரு கூடை மரத்திலேயே இருக்கிறது. ஆனால் அதற்கு முதலில் சொல்லியாக வேண்டும்.

மே 13, செவ்வாய்

மேகமூட்டம். காலை 7 மணிக்கு இருவரும் டிரம் அருகே. அம்மா முடிச்சில் கை வைத்ததும் சொல்லிவிட்டேன், ஒரே மூச்சில்.

"அம்மா நாலு படி போட்டாங்க. அத்தை நாலு படி போட்டாங்க. ரெண்டையும் நான் பாத்தேன். சொல்லல."

அப்பா தரையைப் பார்த்தார்.

அம்மா என்னிடம்: "எந்தப் படியில அளந்தாங்கன்னு கேளு."

"பெரிய படியிலன்னு சொல்லு."

"நான் கேக்கவும் மாட்டேன், சொல்லவும் மாட்டேன்" என்றேன். "இன்னும் மூணு கூடை போட்டா சரியாவும். வேணும்னா நீங்களே பேசிக்கோங்க."

அத்தை ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். முகம் நாலு பக்கமும் இழுத்துக்கொண்டது. துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை. அதைப் பார்த்து அம்மாவுக்குச் சிரிப்பு. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"துப்புங்கண்ணி, அதப் போயி மென்னுக்கிட்டு" என்றாள்.

அத்தை துப்பினாள். "ஏன் சாந்தி, போட்டுட்டேன்னு ஒரு வார்த்த சொன்னா என்னா?"

"நீங்க கேட்டீங்களா?"

"நான் எப்டி கேக்கறது?"

"நான் எப்டி சொல்றது?"

பிறகு இருவரும் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பினார்கள். பதினைந்து நிமிடம் திட்டு, முறை வைத்து. "படிச்ச புள்ளையாம், பாத்துக்கிட்டே உக்காந்திருக்குது" என்று அத்தை. "புத்தகத்த அடுப்புல போடறேன் இரு" என்று அம்மா. இவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதே இல்லை.

அதன் பின் ஒரே ஓட்டம்:
அப்பா மரத்தில், துறட்டியோடு.
அத்தை வீட்டுத் தண்ணீர் டிரம் கழுவிக் காயவைத்தது.
பாதி உப்புக்காயை அதற்கு மாற்றியது (நான், முழங்கை வரை எரிச்சல்).
புதுக்காய் மூன்று கூடை, மதியம் 2 வரை வெட்டு.
சோறு இல்லை. ஆளுக்கு ஒரு டம்ளர் மோர்.

கை முழுக்க மாங்காய்ப் பால். பேனா ஒட்டுகிறது.

மே 16, வெள்ளி

நல்ல வெயில். மொட்டை மாடி முழுக்க மாங்காய். பகலில் காயும், மாலையில் மறுபடி அதே உப்புத் தண்ணீருக்குள். அது வற்றும் வரை இப்படித்தான். ருசி பார்த்தேன், சட்டப்படி. சரியாக இருக்கிறது. துள்ளிக் குதித்ததில் செருப்பு மாடியிலிருந்து கீழே விழுந்தது.

மே 24, சனி

வெயில். வத்தல் காய்ந்தது. ஆறு கூடை சுருங்கி ஒரு சாக்குக்கும் கொஞ்சம் கூட.

காலையில் பங்கு பிரிக்கும்போது அம்மாவும் அத்தையும் சண்டை போட்டார்கள், நேருக்கு நேர், அரை மணி நேரம். மதியம் அத்தை எங்கள் வீட்டில் சாப்பிட்டாள்.