இளையராணிக்கு எறிந்த கல்

திருத்தங்கல்,
ஆடி கடைசி வெள்ளி.

அன்பு மகள் பிரீத்திக்கு, சித்தி எழுதுவது, அதாவது சித்தி சொல்லச் சொல்ல உன் தங்கச்சி அனு எழுதுவது. இங்கே வெயில் மிகவும் சௌக்கியமாக இருக்கிறது, அதற்கு அடுத்தபடியாக நாங்களும் சௌக்கியம். கால்கரியில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுக்குள் இருக்கிற ஆளும் சௌக்கியமாக இருக்க வேண்டுமென்று விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். (அம்மா பிள்ளை என்றுதான் சொன்னாள். ஆள் என்று ஆளை மாற்றியது நான்.) வலது கையில் கதவு இடித்து விரல் வீங்கியிருக்கிறது, கட்டுப் போட்டிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, அதனால்தான் இவளை எழுத வைத்திருக்கிறேன். இவள் ஏதாவது கோணல்மாணலாக எழுதினால் என் கணக்கில் வைக்காதே. உன் அப்பாவுக்கு பிரஸ்ஸில் ஓயாத வேலை. அடுத்த வருசக் காலண்டர் மாதிரி ஆல்பம் ஆடிப்பெருக்கு அன்றைக்கே போட்டாயிற்று, தீபாவளி சீசனுக்கு வெடி லேபிள் ஆர்டரும் சேர்ந்து வந்திருக்கிறது, மிஷின் சத்தத்திலேயே சாப்பிட்டு மிஷின் சத்தத்திலேயே தூங்குகிறார். சுகர் கொஞ்சம் கூடித்தான் இருக்கிறது, கேட்டால் நார்மல் என்று உன்னிடம் சொல்வார், நம்பாதே. உன் அம்மா படத்துக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் பூ வைக்கிறேன், போன வாரம் கண்ணாடி விரிசல் விட்டது, மாற்றிவிட்டேன். பார்சலில் பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி, சுக்குக் கருப்பட்டி, துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆன வேட்டித்துணி நாலைந்து துண்டு வைத்திருக்கிறேன். பிறந்த பிள்ளைக்குக் கடைத்துணி உறுத்தும், வேட்டித்துணிதான் நல்லது. போனில் எல்லாம் சொல்லலாம்தான், ஆனால் போனில் நான் பேசினால் நீ ம் என்பாய், சாப்பிட்டாயா என்றால் ம், உடம்பு எப்படி என்றால் ம், அதற்கு மேல் எனக்கும் பேச்சு வருவதில்லை, அதனால்தான் கடுதாசி. பிரசவத்துக்கு முத்துமாரி அத்தை வரட்டும் என்று நீ சொன்னதாக அப்பா சொன்னார். நல்லதுதான். அத்தை ரத்த உறவு, அனுபவப்பட்டவள். அவளுக்குக் குளிர் ஆகாது, கம்பளி வாங்கி வை.

அக்கா, இனி எழுதுவது நான், நான் மட்டும். லேபிளுக்கான பேப்பர் பண்டல் இறக்க லோடு வண்டி வந்திருக்கிறது, டிரைவருக்கு டீ போட்டுக் கொடுத்து, பண்டலை எண்ணிப் பார்த்து, அவரோடு சண்டை போட்டுவிட்டு வர அம்மாவுக்கு நேரமாகும். எழுதினதைப் படிச்சுக் காட்டு என்பாள், அப்போது இந்த இடத்தைத் தாண்டிவிடுவேன். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு எழுத்து தெரியாது, கண்ணாடி என் பையில் இருக்கிறது. கதவு இடித்தது என்பது பச்சைப்பொய். என்ன நடந்தது என்று சொல்கிறேன், பகலில் படி.

வெம்பக்கோட்டையில் மூத்த ராணிக்குப் பொங்கல் வைத்துவிட்டுத் திரும்பும்போது இளையராணி மேட்டில் ஆளுக்கொரு கல் எறிவோமே, அங்கேதான். உனக்குக் கதை மறந்திருக்காது. ராசா செத்து, அரண்மனையை எதிரி சுற்றிக்கொண்டபோது மூத்தவள் தீயில் இறங்கினாள். இளையவள் மூத்தவளின் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டாள். இறங்கினவள் தெய்வமானாள், இரங்கினவள் திருடியானாள். எந்த ர என்று பார்த்துப் படி. கோட்டைக் கதவைத் திறந்துவிட்டதே இளையவள்தான் என்று அத்தை அடித்துச் சொல்கிறாள், அத்தை கூட நின்று பார்த்தவள் மாதிரி. இருக்கலாம். ஆனால் மூத்தவளும் பாவம்தான், அந்தப் பிள்ளை அழுவதைக் கேட்டுக்கொண்டேதானே இறங்கியிருப்பாள். என்ன நடந்ததென்று ரெண்டு பேரிடமும் யாரும் கேட்கவில்லை, ஒருத்திக்கு மஞ்சளையும் இன்னொருத்திக்குக் கல்லையும் கொடுத்துவிட்டார்கள். சின்ன வயதிலிருந்தே எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கல்லை அவரவர் வீட்டிலிருந்துதான் கொண்டுபோக வேண்டும், முந்தானையில் முடிந்து, வழியில் யாருடனும் பேசாமல். எறிந்த பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது. இத்தனை பேர் வருசா வருசம் எறிகிறார்களே, மேடு ஏன் வளரவே இல்லை? நீ எறியும்போது இருந்த உயரம்தான் இப்போதும், என் இடுப்பளவு. அம்புட்டுக் கல்லும் எங்கே போகிறது என்று அப்பாவிடம் கேட்டதற்கு, கேக்கக்கூடாததைக் கேக்காதட்டி என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

இந்த வருசம் நான் ஒரு வேலை பார்த்தேன். கொய்யாக்காய் அளவில் ஒரு ஸ்பீக்கர் வாங்கியிருந்தேன், போனில் தட்டினால் அதில் பாடும். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாளியைத் தலைக்கு நேராகப் பிடித்து ஒரு அழுகையை ரெக்கார்ட் பண்ணினேன். தரமான அழுகை, எனக்கே என் மேல் பரிதாபம் வந்தது. பெண்கள் எல்லாரும் பொங்கல் பானையைச் சுற்றி நிற்கும்போது ஸ்பீக்கரைக் கொண்டுபோய் மேட்டுக் கல்லுக்கு அடியில் சொருகிவிட்டு, பின்னாலிருந்த கருவேலம் புதருக்குள் உட்கார்ந்துகொண்டேன். நல்ல உச்சிப்பொழுது. நிழல் காலுக்கடியில் சுருண்டு கிடந்தது. முதலில் அத்தை வந்தாள். கல்லை ஓங்கி எறிந்துவிட்டு, அம்மா காதில் விழவேண்டும் என்றே சொன்னாள், அடுத்தவ பிள்ளைய வளக்கேன்னு வாறவளுக எல்லாம் இந்த ரகம்தான், இடுப்புல ஏத்துறதும் அவளுகதான், நடுத்தெருவுல இறக்குறதும் அவளுகதான் என்று. அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சுர்ரென்று வந்தது. போனைத் தட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி தட்டினேன். அப்புறம்தான் கேட்டது.

அக்கா, அது நான் ரெக்கார்ட் பண்ணின மாதிரி இல்லை. நான் சினிமாவில் வருவது மாதிரி நீட்டி நீட்டி அழுதிருந்தேன். இது வாயைப் பொத்திக்கொண்டு அழுவது மாதிரி, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்று அழுவது மாதிரி இருந்தது. கல்லுக்குள் போனதால் சத்தம் அமுங்கிவிட்டது போல என்று நான் நினைத்துக்கொண்டேன். அத்தை ஓடின ஓட்டம் இருக்கிறதே, ஒரு செருப்பு இன்னமும் அங்கனதான் கிடக்கிறது. மற்றவர்களும் வேனுக்கு ஓடிவிட்டார்கள். அம்மா மட்டும் ஓடவில்லை. அவள் கையிலிருந்த கல்லை எறியவும் இல்லை. மேட்டின் ஓரமாக மெதுவாக வைத்துவிட்டு, பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நான் வெளியே வந்து சிரிக்க வேண்டிய இடம் அது. வரவில்லை. ஏத்தா, வலிக்குதா என்று அம்மா கேட்டாள். எம்புட்டுக் கல்லத்தா ஓம்மேல, நானும் வருசத்துக்கு ஒண்ணு கொண்டாந்து போட்டேனே என்றாள். அப்புறம் நம் வீட்டு விசயத்தை அந்த மேட்டிடம் சொன்னாள். எங்க மூத்த பிள்ளை முழுகாம இருக்கா, பாஸ்போர்ட்டு எடுத்து அரிசிப் பானைக்குள்ள வச்சிருக்கேன், வீட்டுல யாருக்கும் தெரியாது, அவ கூப்பிட மாட்டா, எனக்குத் தெரியும், இருந்தாலும் எடுத்து வச்சிருக்கேன் என்றாள். பிறகு குனிந்து, கல்லுக்கு மிக அருகில் முகத்தை வைத்துக் கேட்டாள், ஒண்ணே ஒண்ணு சொல்லு, நீ தூக்கிட்டுப் போனியே, அந்தப் பிள்ளை ஒன்னைய ஒரு தடவையாச்சும் அம்மான்னு கூப்பிட்டுச்சா என்று.

அழுகை சட்டென்று நின்றது. கருவேல இலைகூட அசையவில்லை. கல்லுக்குள்ளிருந்து, ம், என்று கேட்டது.

ஒரே ஒரு ம். அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள், பக்கத்து வீட்டுக்காரி பதில் சொன்ன மாதிரி. எழுந்து சேலையைத் தட்டிவிட்டு வேனைப் பார்த்து நடந்தாள். என் ரெக்கார்டில் அழுகை மட்டும்தான் அக்கா, ம் கிடையாது. அவள் போனதும் தவழ்ந்து போய் ஸ்பீக்கரை உருவினேன். ஸ்விட்ச் அணைத்தே இருந்தது. அதை ஆன் பண்ணவே மறந்திருக்கிறேன்.

அதன் பிறகு அம்மா, விருதுநகரில் கண் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு வெம்பக்கோட்டை பஸ் ஏற ஆரம்பித்தாள். ஒரு நாள் பின்னாலேயே போனேன். தனியாளாக மேட்டிலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்து ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தாள். எடுக்க எடுக்க அதுவும் குறையவில்லை. ஒரு பெரிய கல் உருண்டு கையில் விழுந்தது அப்படித்தான். நான் ஓடிப்போய்த் தூக்கினேன், நீ எங்கிருந்துட்டி வந்த என்றாளே தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. இடது கையில் ஒரு துண்டுக் கல்லை விடாமல் பிடித்திருந்தாள். நம் வீட்டுப் பழைய சிவப்புப் படியின் உடைசல். நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது பிரஸ் மையில் குச்சியைத் தொட்டு அதில் சித்தி என்று எழுதி, அத்தனை பேர் முன்னாலும் அம்மாவைப் பார்த்துக்கொண்டே எறிந்தாயாமே, அது. எனக்கு அப்போது வாயில் விரல், தெரியாது. அம்மாவின் விரல் நுனியெல்லாம் சிவப்பாக இருந்தது, ரத்தம் என்று நினைத்துக் கழுவினேன், போகவில்லை. மை. அப்பா மோந்து பார்த்துவிட்டு, இது அந்தக் காலத்துச் சிவப்பாச்சே, இந்த மை கம்பெனி மூடி எம்புட்டு வருசமாச்சு, இன்னுமா காயல என்றார். சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு அன்றைக்கு ராத்திரி சாப்பிடாமல் படுத்தார். கல் இப்போது பெரியம்மா படத்துக்குக் கீழே இருக்கிறது. அத்தை அதைத் தூக்கி எறியச் சொன்னாள். அம்மா சொன்னாள், கோவத்துலதான் எழுதியிருக்கா, இருந்தாலும் நம்ம வீட்டுல எம்பேரைச் சொந்தக் கையால எழுதுனது அவ ஒருத்திதான், இருந்துட்டுப் போகுது மதினி என்று. இன்று காலையிலும் தொட்டுப் பார்த்தேன். ஈரமாகத்தான் இருக்கிறது.

உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை அக்கா. நீ அப்போது சின்னப்பிள்ளை, உன் அம்மா இருந்த வீட்டில் வேறொருத்தி வந்து அடுப்பு பற்றவைத்தால் கல்லைத்தான் எடுப்பாய், நானாயிருந்தால் அம்மிக்கல்லை எடுத்திருப்பேன். எனக்கு அரிசிப் பானையை நினைத்தால்தான் தாங்கவில்லை. சோறு வடிக்கும்போதெல்லாம் பாஸ்போர்ட்டை வெளியே எடுத்து அரிசியைத் தட்டிவிட்டு மறுபடி உள்ளே வைக்கிறாள். அத்தை வரட்டும் என்று சொன்னவள் நீதான், மாற்றிச் சொல்ல வேண்டியவளும் நீதான், எனக்கு அதில் ஓட்டுரிமை இல்லை. வண்டி கிளம்புகிற சத்தம் கேட்கிறது. அம்மா வருகிறாள்.

விட்ட இடத்தில் தொடங்குகிறேன் மகளே. டிரைவர் ஒரு பண்டலைக் குறைத்துக் கொண்டுவந்திருக்கிறார், அந்தக் கதை உனக்கு வேண்டாம். நடு ராத்திரியில் பசித்தால் வெறும் வயிற்றோடு படுக்காதே, ஒரு வாய் பால் குடி. இடதுபக்கம் ஒருக்களித்துப் படு. மாடிப்படியில் மாப்பிள்ளை முன்னால் போகட்டும், நீ பின்னால் கைப்பிடியைப் பிடித்து இறங்கு. கனவு வந்து பயந்தால் அதை யாரிடமாவது சொல்லிவிடு, மனசுக்குள் வைத்துக்கொள்ளாதே. நல்லபடியாகப் பிள்ளை பிறந்து, கை நிறைய, மடி நிறைய, வீடு நிறைய நீ இருக்க வேண்டும். பார்சல் வந்ததும் வேட்டித்துணியை வெந்நீரில் ஒரு தரம் அலசி வெயிலில் போட மறக்காதே. வெயில் இல்லாத ஊரென்றால் அடுப்புச் சூட்டிலாவது காட்டு.

ஆசீர்வாதங்களுடன்,
உன் சித்தி
சொர்ணலட்சுமி

அக்கா, பெயரை அம்மாவே இடது கையால் எழுதினாள், கோணலுக்கு நான் பொறுப்பில்லை. பார்சலை ஒட்டும் முன்னால் ஒன்றை மட்டும் இந்த ஓரத்தில் எழுதிவிடுகிறேன், முதலில் எழுதக் கை வரவில்லை. மேட்டுக்குள் கேட்ட அந்த ம், போனில் நீ சொல்கிற ம். அதே தொண்டை, அதே சலிப்பு. இங்கே உச்சிப்பொழுது என்றால் உனக்கு நடு ராத்திரி. அன்றைக்கு நீ தூக்கத்தில் ஏதாவது பேசினாயா என்று அத்தானிடம் கேட்டுச் சொல். அவரிடம் கேட்கப் பயமாக இருந்தால் அம்மாவுக்குப் போன் போட்டு, மேட்டில் அவள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்லிவிடு. ஒரு தடவை சொல்லிவிட்டாய், ரெண்டாவது தடவை அவ்வளவு கஷ்டமாக இருக்காது.