சாய்தளத்தைத் திறந்துவிடுங்கள்

பிளாட் புஷ், ஆக்லாந்து
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சின்னையா அண்ணனுக்கு,

நல்லசாமி எழுதுவது. தீவில் நீங்களும் கிளாரா அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் டெய்ரி மளிகைக் கடையில் போன் சிக்னல் எப்போது வரும் எப்போது போகும் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். நான் போன் செய்யாததற்கு அது மட்டும் காரணம் இல்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே வைத்துவிடுகிறேன். அதனால் எழுதுகிறேன்.

ஊர் மன்றத்துச் சாய்தளம் முடிந்துவிட்டது, கைப்பிடிக்கு அடித்த பெயின்ட்டும் காய்ந்துவிட்டது, ரத்னா வந்து சக்கர நாற்காலியில் முதல் ஆளாக ஏறினால்தான் திறப்பு விழா என்று எல்லோரும் சொல்கிறார்கள் என நீங்கள் அனுப்பிய செய்தியை அவளுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்தாள். உடனே அழுதாள். இந்த நரம்பு நோயில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. எதற்கு எது என்று இப்போதெல்லாம் நான் கேட்பதில்லை.

இங்கே மகள் அபிதா வீட்டில் குறை ஒன்றும் இல்லை. கீழே ஹாலிலேயே கட்டில் போட்டிருக்கிறோம். வீட்டு மார்ட்கேஜ் கடனுக்காக நாளெல்லாம் ஓடிவிட்டு வருகிற பெண், உட்காரக்கூடச் செய்யாமல் அம்மாவுக்குத் தலை வாரிவிடுகிறாள். கோயிலில் பழக்கமானவர்கள் சாம்பாரும் ரசமுமாகக் கொண்டுவந்து குவிக்கிறார்கள். ரத்னாவால்தான் விழுங்க முடிவதில்லை. தெருவிளக்கு வெளிச்சத்தில் தூக்கமும் வருவதில்லை. தீவில் நம் சோலார் விளக்கை அணைத்தால் கவிகிற இருட்டு இங்கே எங்கே கிடைக்கிறது?

போன வாரம் மனுகாவில் டாக்டரைப் பார்த்தோம். மூச்சுக்கு மெஷின் வந்துவிட்டதால் இனிமேல் விமானமும் வேண்டாம், படகும் வேண்டாம் என்றார். கோடைக்கு வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன். அவர் ரத்னாவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் கோபமாக வருகிறது அண்ணே. நம் மன்றக் குழுவுக்காக, ஊர்களுக்கு உதவும் அறக்கட்டளையிடம் மானியம் கேட்டு எழுதுவது இத்தனை வருடமும் அவள் வேலைதானே. தீயணைப்பு வண்டிக்குப் பம்ப், பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட், நூலகத்துக்கு அலமாரி என்று ஊருக்காக எதைக் கேட்டாலும் சண்டைக்காரி மாதிரி எழுதுவாள். அவள் கால் விழுந்த பிறகு மன்றத்துப் படியில் நாலு பேர் தூக்கிக்கொண்டு ஏற வேண்டியிருந்தது. அப்போதுதான் குழு சாய்தளத்துக்குக் கேட்கலாம் என்றது. அதற்கும் மனு எழுதியவள் இவளே. இப்போது யாருக்குத் தேவை என்று படிவத்தில் கேட்ட இடத்தில், முதியவர்களுக்குப் பிற்காலத்தில் உதவும் என்று எழுதி அனுப்பினாள். பெயரை விடுங்கள், தீவில் ஒரு சக்கர நாற்காலி இருக்கிறது என்றுகூட எழுதவில்லை. ஊருக்குக் கேக்குற வாயால நமக்கும் கேட்டுக்கிறதா, பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க என்றாள். உடனடித் தேவை இல்லை என்று அறக்கட்டளை திருப்பி அனுப்பிவிட்டது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எழுதியிருப்பதைத்தானே படிப்பார்கள்?

அடுத்த சுற்றில் நீங்கள் அவள் பெயரைப் போட்டு எழுதினீர்கள், கிடைத்தது. ஆனால் நடுவில் ஒரு குளிர்காலம் முழுதாகப் போய்விட்டது. தூக்கிக்கொண்டு போவது பார்க்க நன்றாக இல்லை என்று அவள் மன்றத்துப் பக்கமே வரவில்லை. வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்கு நான் மட்டும் வருவேன், அண்ணி அவள் பங்கையும் டப்பாவில் போட்டுக் கொடுப்பார். அவள் நன்றாகப் பேசி, வாய்க்கு ருசியாகச் சாப்பிட்ட கடைசிக் காலம் அது. இதை நினைத்தால் ஆத்திரம் பொங்குகிறது, அவள் முகத்தைப் பார்த்தால் அடங்கிவிடுகிறது.

சரி, அவள் சொல்லச் சொன்னதைச் சொல்கிறேன். பேச்சு குழறிவிட்டது, எனக்கும் அபிதாவுக்கும்தான் புரியும். அவளுக்காக விழாவை நிறுத்தி வைக்க வேண்டாமாம். சாய்தளம் பயன்படுகிறது என்று படத்தோடு அறிக்கை போனால்தான் தீவுக்கு ஒரு கிளினிக் வண்டி வாங்க அடுத்த மானியம் கேட்க முடியுமாம். வெறும் சாய்தளத்தைப் படம் எடுத்து அனுப்பக்கூடாது, ஆள் ஏற வேண்டும், முகம் தெரிய வேண்டும் என்கிறாள். வாக்கர் வைத்து நடக்கும் மேவிஸ் கிழவியை ஏறச் சொல்லுங்கள் என்றாள். லிப்ஸ்டிக் போட நேரம் கொடுக்கணும், இல்லாட்டி அந்தம்மா படத்துக்கு நிக்காது என்பதையும் மறக்காமல் எழுதச் சொன்னாள். அந்தக் குறும்பு மட்டும் இன்னும் போகவில்லை.

இனி வருவது நான் சொல்வது. எங்கள் வீட்டு வராந்தாவில் இருக்கும் பழைய சக்கர நாற்காலியை மன்றத்தில் வைத்துவிடுங்கள், யாருக்காவது ஆகும். சோலார் பாட்டரிகளையும் கழற்றி மன்றத்துக்கே கொடுத்துவிடுங்கள். நானே மாட்டியவை, இன்னும் பல வருடம் உழைக்கும். பூட்டிய வீட்டில் சும்மா கிடந்தால் கெட்டுத்தான் போகும்.

சாய்தளத்துச் சுவரில் வைக்க அவள் பெயர் பொறித்த பித்தளைத் தகடு ஒன்று செய்யக் கொடுக்கட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். அன்பில் கேட்டீர்கள், எனக்குத் தெரியும். உங்கள் செய்தியில் அந்த ஒரு வரியை மட்டும் நான் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. படகுத்துறை பெஞ்சுகளில் தகடு பதித்திருக்கும் பெயரெல்லாம் போய்ச் சேர்ந்தவர்களுடையவை என்று அவளுக்கும் தெரியும் அல்லவா.

விழாவை நடத்துங்கள், எல்லோரும் வயிறாரச் சாப்பிடுங்கள். தகடு மட்டும் இப்போது வேண்டாம். அதற்கான நேரம் வந்தால் நானே செய்து எடுத்துக்கொண்டு படகில் வருகிறேன். துறைக்கு வந்து நில்லுங்கள். அதுவரை அந்தச் சுவரில் யாரையும் ஓர் ஆணிகூட அடிக்க விடாதீர்கள் அண்ணே, உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணிக்கு எங்கள் இருவரின் அன்பு.

உங்கள் தம்பி,
நல்லசாமி