நாற்பது கிலோமீட்டரும் ஒரு கையெழுத்தும்

ஜனவரி 19

குதிரையேற்றச் சங்கத்துச் செயலாளர் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறார். எழுபது வயது நிறைந்தவர்கள் இனி நெடுந்தூரச் சவாரியில் கலந்துகொள்ள, உடன் வசிக்கும் குடும்பத்தார் ஒருவர் சம்மதித்துக் கையெழுத்துப் போடவேண்டுமாம். எழுபதுக்கு முன்பே நாற்பது கிலோமீட்டரை முறைப்படி முடித்தவர்களுக்கு மட்டும் விலக்கு. ஒரு பக்கக் கடிதத்தில் நான்கு எழுத்துப்பிழை.

எனக்கு மார்ச் 2-ல் எழுபது. மகன் கப்பலில். உடன் வசிப்பவள் மருமகள் ஒருத்திதான். அவள் துணி மடிப்பதைப் பத்தொன்பது வருடமாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன். இப்போது போய் அவள் முன்னால் கையெழுத்துக்கு நிற்பதா?

பிப்ரவரி 22-ல் ஒரு சவாரி இருக்கிறது. அதை முடித்துவிட்டால் தீர்ந்தது.

ஜனவரி 25

பன்னிரண்டு கிலோமீட்டர் பயிற்சி. என் குதிரைக்கு நெற்றியில் வெள்ளைப் பட்டை. யாருக்காகவும் நடையை மாற்றிக்கொள்ளாது. எங்கள் கான்வென்ட் மதர் சுப்பீரியரேதான். அதனால் பெயர் மதர்.

ஓட்டம் முடிந்து சிறிது நேரத்தில் குதிரையின் நாடி நிமிடத்துக்கு அறுபத்து நான்குக்குள் இறங்கவேண்டும். இல்லையென்றால் மேற்கொண்டு போக விடமாட்டார்கள். நான் சேணத்தை உள்ளே வைத்துவிட்டு வருவதற்குள் மருமகள் எண்ணிவிட்டாள். அறுபதாம். நான் எண்ணினேன். எழுபத்திரண்டு.

"பதினஞ்சு விநாடி எண்ணி நாலால பெருக்கணும்."

"பெருக்கினேன் அத்தை."

பதினெட்டு வருடமாக மருத்துவமனையில் நர்ஸ். வாய்ப்பாடு தெரியவில்லை.

பிப்ரவரி 1

அவள் எண்ணினால் அறுபது. நான் எண்ணினால் எழுபத்தாறு. ஸ்டெதஸ்கோப் கோளாறு. புதிது வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 8

புதிய ஸ்டெதஸ்கோப்பிலும் எழுபத்திரண்டு. கால்நடை மருத்துவரை லாயத்துக்கு வரச் சொன்னேன். இதயத்தில் ஏதாவது குறை இருந்தால் சவாரியே வேண்டாம். குதிரை வாய் திறந்து சொல்லாது. ஏறுகிறவர்தான் அதற்கும் சேர்த்துப் பொறுப்பு. சங்க விதிப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் அதைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டுக் கொடுப்பது நான்தான்.

மருத்துவர் எண்ணினார். யோசித்தார். "அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"எவ்வளவு தள்ளி?"

"அந்த வேலி வரைக்கும் போங்களேன்."

போனேன். ஐம்பத்தெட்டு. கூப்பிட்டார், வந்தேன். எழுபது. மறுபடி வேலி. மறுபடி ஐம்பத்தெட்டு. நான்கு முறை என்னை நடக்கவிட்டுப் பார்த்தார், சோதனைக்கு வந்தது நான்தான் என்பதுபோல.

"இதயம் இரும்பு மாதிரி இருக்கு. உங்கமேல கொஞ்சம் மரியாதை, அவ்வளவுதான்."

"எனக்கும் அத்தை பக்கத்துல வந்தா இப்படித்தான் அடிச்சுக்கும் டாக்டர்" என்றாள் மருமகள்.

மருத்துவர் சிரிப்பை மறைக்கக் குதிரையின் பல்லைப் பார்த்தார்.

பிப்ரவரி 9

அவளோடு பேசவில்லை.

பிப்ரவரி 10

நான் அப்படி என்ன செய்துவிட்டேன்? மதரை ஒருநாளும் சாட்டையால் தொட்டதில்லை. மருமகளையும்தான்.

பிப்ரவரி 15

பேசித்தான் ஆகவேண்டியிருக்கிறது. சவாரியின் நடுவே குதிரையைப் பரிசோதிக்கும்போது மதரை அவள் பிடித்துக்கொள்ளட்டும், நான் விலகி நிற்கிறேன் என்று சொன்னேன்.

"முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கணும். வாளி எங்க, துணி எங்கன்னு கேக்கக்கூடாது. சரியா அத்தை?"

நர்ஸ்கள் எல்லோரும் இப்படித்தான் பேசுவார்களோ? சரி என்றேன்.

பிப்ரவரி 22

காலை ஏழு மணிக்குப் புறப்பாடு. இருபது கிலோமீட்டர் சுற்று இரண்டு. பகல் பன்னிரண்டுக்குள் எல்லைக்கோட்டைத் தாண்டவேண்டும்.

முதல் சுற்று சுத்தம். பரிசோதனையின்போது நான் ஒரு வேலிக்கம்பத்தைப் பார்த்தபடி நின்றேன். ஆணி துருப்பிடித்திருந்தது. பின்னாலிருந்து அவள் குரல்: "அம்பத்தாறு." திரும்பிப் பார்க்காமலிருந்தது, சவாரியைவிடக் கஷ்டம்.

இரண்டாம் சுற்றில் மூன்று கிலோமீட்டர் மிச்சம். மணி பதினொன்று இருபது. இறக்கத்தில் மதரின் வலது முன்னங்கால் ஒரு நூல் குறைவாக விழுந்தது. ஒருமுறைதான். இல்லை, என் கற்பனை. பத்து அடி போனதும் இன்னொரு முறை.

இறங்கினேன். குளம்பைத் தூக்கிப் பார்த்தேன், கல் இல்லை. காலைத் தடவினேன், முழங்காலுக்குக் கீழே லேசாகச் சூடு. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. எந்த மருத்துவருக்கும் தெரிந்திருக்காது.

நிஜத்தை எழுதுகிறேன்: மறுபடி ஏற அங்கவடியில் கால் வைத்தேன். மருமகள் பேனாவைத் திறக்கும் காட்சி கண்ணில் வந்தது. வைத்த காலை எடுக்க எவ்வளவு நேரமானது என்று தெரியவில்லை.

கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். எங்கள் சங்கத்து வங்கி மேலாளர் தன் குதிரையில் பக்கத்தில் வந்தார். "ஏறிக்கோங்க ஆன்ட்டி. மூணு கிலோமீட்டர்தானே, ஒண்ணும் ஆகாது."

"அந்த மூணு கிலோமீட்டர் உங்க முதுகுல ஏறிக்கட்டுமா?"

அவர் போய்விட்டார். சவாரிக் காலணி நடப்பதற்கென்று தைத்ததில்லை. இடது குதிகாலில் கொப்புளம். பன்னிரண்டு பத்துக்கு வந்து சேர்ந்தேன். செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எதையோ தேடுவதுபோல மேஜைக்கடியில் குனிந்துவிட்டார்.

மருத்துவர் வெகுநேரம் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தசைநார்ல வீக்கம் இப்பத்தான் ஆரம்பிக்குது. ஓட்டியிருந்தா ஆறு மாசம் படுத்திருக்கும். ரெண்டு மூணு வாரம் ஓய்வு குடுங்க, போதும்."

மருமகள் என் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். நூற்றுப் பதினான்கு. அறுபத்து நான்குக்கு வரவேயில்லை. குதிரையாக இருந்தால் அங்கேயே வெளியேற்றியிருப்பார்கள்.

பிப்ரவரி 24

மதரின் காலுக்கு அவள் பனிக்கட்டி ஒத்தடம். என் குதிகாலுக்கும் அவளே. முதலில் மதருக்கு.

மார்ச் 2

எழுபது. மகன் கப்பலிலிருந்து கூப்பிட்டு, "இனிமே குதிரையெல்லாம் எதுக்கும்மா?" என்றான். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 5

படிவத்தை அவள் டீக்கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் செய்தித்தாள் படித்தேன். கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தாள்.

"கடந்த ஒரு வருஷத்துல கீழ விழுந்ததுண்டா? அத்தை, உங்களைத்தான்."

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன்.

"நவம்பர்ல. ஒரு தடவை."

"நவம்பர்லயா? மாடிப்படியில வழுக்கிட்டேன்னு சொன்னீங்களே, அதுவா?"

"படி இல்லை."

அவள் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். பிறகு அதை எழுதினாள், நாள் உட்பட. "யோசிச்சுச் சொல்றேன் அத்தை" என்று படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

மார்ச் 8

இன்னும் யோசிக்கிறாள். நான் கேட்கவில்லை.

மார்ச் 11

காலையில் படிவம் மேஜையில் இருந்தது. கையெழுத்துப் போட்டிருக்கிறாள். தூரம் என்ற இடத்தில் நாற்பதை ஒரே கோட்டால் அடித்து, இருபது என்று எழுதியிருக்கிறாள். ஓரத்தில் சுருக்கொப்பம், தேதி. வார்டில் இப்படித்தான் திருத்துவார்களாம். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். இல்லை. உறையில் போட்டு ஒட்டிவிட்டேன்.